பெண்ணாடத்தில் ஒட்டிய சுவரொட்டி

மச்சான்,

இன்று காலை மேல வீதியில் ஒருவர் சைக்கிளில் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு காதணி விழா சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசையின் புளித்த வாடை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை மூக்கை விட்டுப் போகவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த வாடை அடிக்கும்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது, அதுவும் பெண்ணாடம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முகம்.

நம்முடைய கூட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் நாலைந்து ஆஸ்பத்திரிகளின் விளம்பர ஆட்கள், மாதம் ஒரு சனிக்கிழமை, சொந்தச் செலவில் பஸ் ஏறி, அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜ் மாடியில் கூடுவோம். நிர்வாகங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருக்க, நாம் மட்டும் ஒருவர் நோட்டீஸை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தோம். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "வாய்ச் சங்கம்னு வெய்யி. நமக்கு அத உட்டா வேற என்னா இருக்கு?" என்றாய். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நீ கடலூர் ஆஸ்பத்திரி, நான் சிதம்பரம். 'கொடிய அரக்கன்' என்று நான் எழுதிக்கொண்டு வந்த நோட்டீஸைப் படித்துவிட்டு, "இதப் படிச்சா நோயாளி ஓடிடுவான்டா, அரக்கன் இங்கியே குந்திக்கினு இருப்பான்" என்று கிழித்துப் போட்டாய். எனக்குக் கோபம் வந்தது. மறுமாதம் நீ எழுதியதில் நான் மூன்று தப்புக் கண்டுபிடித்துப் பழி தீர்த்துக்கொண்டேன்.

நம் சங்கத்துக்கு என்று இருந்தது ஒரே ஒரு கட்டுப்பாடு. குணமானவர்களின் படத்தை அவர்கள் சொந்த ஊர்ப் பக்கம் ஒட்டக் கூடாது. சிதம்பரத்தில் குணமானவர் படம் கடலூர்ப் பக்கம் போகும், கடலூரில் குணமானவர் படம் எங்கள் பக்கம் வரும். சுவரொட்டியின் அடியில் இரண்டு ஆஸ்பத்திரிப் பெயரும் இருக்கும். அதைக் கொண்டுவந்தது நீதான். "தெரியாத ஊர்ல அவுங்க தைரியசாலி. சொந்த ஊர்ல சீக்காளி" என்று சொன்னாய்.

வளர்மதியை உனக்கு நினைவிருக்கும். மறக்கவா முடியும்? எங்கள் ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். சொந்த ஊர் பெண்ணாடம், புருஷன் அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. ஊரில் வயிற்று ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். படம் எடுத்தவன் நீ, உன்னிடம்தான் ஆஸ்பத்திரி கொடுத்த கேமரா இருந்தது. "உங்க ஊர்ப் பக்கம் இது வரவே வராதும்மா, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்ததும் நீ. அதற்குப் பிறகுதான் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

அடுத்து பெண்ணாடத்தில் எங்கள் பரிசோதனை முகாம் வந்தது. அதற்கு முன்னால் நடத்திய இரண்டு முகாமுக்கும் ஆளே வரவில்லை. டாக்டர்கள் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினார்கள். நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் இப்படின்னா உங்க வேலை எதுக்குங்க?" என்று கேட்டார். நீ அனுப்பிய சுவரொட்டிக் கட்டு என் மேஜைமேல் இருந்தது, கடலூர்த் துறைமுகத்து மீன்காரர் ஒருவர் படத்தோடு. அவரைப் பெண்ணாடத்தில் யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே உனக்கு அனுப்ப வேண்டிய வளர்மதி கட்டு. தெரிந்த முகம் என்றால் ஜனங்கள் நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. தவறிக் கை மாறிப் போகவில்லை மச்சான். யோசித்துத்தான் அந்தக் கட்டை எடுத்து ஒட்டுகிற ஆளிடம் கொடுத்தேன்.

முகாம் நடந்த பள்ளிக்கூடத்தின் வாசலைத் தாண்டிக் கூட்டம் நின்றது. நிர்வாகி என் தோளைத் தட்டினார். அன்று பரிசோதனைக்கு வந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தோம். அதைச் சொல்லிச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன்.

வளர்மதி தன் முகத்தை ஆலை வாசல் சுவரில் பார்த்திருக்கிறார். நகத்தாலேயே சுரண்டிக் கிழித்தாராம். மகளை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "அது வம்சத்துல வர்ற நோயாமே" என்று அந்த வாரமே ஆள் அனுப்பிச் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

உனக்கு போன் செய்து அழுதேன். நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். நீயோ, "நாளைக்குப் போறோம். அங்க நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றாய்.

அவர்கள் வீட்டில் நாம் உட்காரவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. வளர்மதி உன்னைத்தான் பார்த்தார். "போட்டோ எடுக்கும்போது என்னா சொன்னீங்க? பொறுப்புன்னு சொன்னீங்களே சார், எங்க போச்சு பொறுப்பு?" என்று கேட்டார். நீ கை கூப்பினாய். "நான் பண்ண தப்புங்க. இவுங்க ஆஸ்பத்திரிக்கு இதுல சம்பந்தமே இல்ல. என்ன என்னா வேணா சொல்லுங்க. செக்கப்ப மட்டும் நிறுத்திடாதீங்கம்மா." அவர் புருஷன் உன் சட்டையைப் பிடித்தார். நான் இரண்டடி தள்ளி, சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "எம்மேல கோவம்னா எங்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க, அவ்ளோதான? உம்மேல கோவம் வந்தா அவுங்களுக்கு மருந்தே நின்னுடும்டா. அஞ்சு வருசம் அவுங்க அங்க வந்தாவணும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி ஜாஸ்தியாக இருந்தது. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வளர்மதி அடுத்த மாதம் பரிசோதனைக்கு வந்தார். நீ கணக்குப் போட்டது சரிதான். ஆனால் அவர் புருஷன் உன் நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டார். உனக்கு மெமோ வந்தது. கேமராவையும் மேஜையையும் வாங்கிக்கொண்டு உன்னைப் பழைய ரெக்கார்டு அறைக்கு அனுப்பினார்கள். நீ சங்கத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாய். சங்கத்தில் உன் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள், நானும் உட்கார்ந்தேன். உன் கட்டுப்பாட்டைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கிச் சொன்னேன்.

மாரடைப்பில் நீ போன அன்று, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் ஸ்டெல்லா என்னிடம் வந்து கேட்டது: "அண்ணா, உங்களுக்குத் தெரியாததா? வாக்குக் குடுத்துட்டு மாத்துற ஆளா அவுரு? அந்த ஒரு விசயம் மட்டும் எனக்குப் புரியவே இல்ல. கேட்டா சிரிச்சிக்கினு போயிடுவாரு." உன் மனைவியிடம்கூட நீ சொல்லவில்லை. நான் "ஏதோ நேரம்மா" என்றேன். வளர்மதிக்கு இன்னும் ஐந்து வருஷம் முடியவில்லை, செய்தி கசிந்தால் அவர் வருவதை நிறுத்திவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் முடிந்துவிட்டது. இனி வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளுக்கும் நல்ல இடத்தில் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. அட்டை வாங்க என் மேஜைக்கு வந்த வளர்மதி, "அந்தக் கடலூரு சாரு செத்துட்டாராமே?" என்று கேட்டார். "சாவுக்கு சந்தோசப்படக் கூடாது சார். ஆனா அழுகையும் வரல." நான் அட்டையில் தேதி எழுதிக் கொடுத்து, பார்த்துப் போகச் சொன்னேன்.

அன்றைக்கு என் வாயை அடைத்தது அவர் வைத்தியம் இல்லை. உன் வார்த்தையும் இல்லை, என் பயம்தான். அடுத்த முறை அவர் வரும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, உன் பெயரை எழுதி, உன் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கே அனுப்பப் போகிறேன். உன் பெயருக்கு வரும் தபாலை இப்போது யார் பிரிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தங்கச்சி, அந்தச் சுவரொட்டியை ஒட்டச் சொன்னது நான்.