ஒன்பதாம் நம்பர் வீட்டின் கடைசி வருடம்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
10-3-1991

அன்பு மகன் வாசுவுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் பரவாயில்லை, எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல, உன் தங்கை கலா கிளினிக் வேலைக்குப் போய் வருகிறாள். மெல்பர்னில் நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போது தினமும் வேண்டிக்கொள்கிறேன், உன் மேல் கோபமாக இருக்கும் நாளிலும் அதை விடுவதில்லை, இன்றைக்கும் வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் போனில் "ஷோ எப்படிம்மா போகுது?" என்று கேட்டாய், நல்லா போகுது என்று சொல்லிவிட்டேன், பக்கத்தில் கலா நின்றுகொண்டிருந்தாள். நன்றாகப் போகவில்லை. போனில் சொன்னால் நீ எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்து மழுப்பிவிடுவாய், உன் வாய் எனக்குத் தெரியாதா. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ டிவிக்கு எழுதுகிற 'ஒன்பதாம் நம்பர் வீடு' நாடகத்தின் பழைய கேசட்டுகளை உன் அப்பா எடுத்துப் போட்டார். ஆரம்பித்த வருடத்திலிருந்து வாராவாரம் டிவியிலிருந்து நாங்கள் பதிவு செய்து வைத்தவை, படத்தில் கோடு கோடாக ஓடுகிறது, ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதில் வருகிற வீட்டுக்காரர் ராமையா டெலிபோனுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியைத் தொலைத்த கதையைப் பார்த்தோம். மகள் செல்வி அதிகம் பேசுகிறாள் என்று பூட்டுகிறார், கடைசியில் அவரே பக்கத்து வீட்டில் போன் பேச வரிசையில் நிற்கிறார், முன்னால் நிற்பது செல்வி. அந்தப் பூட்டு கீழ் வீட்டுத் தம்புசாமி அங்கிள் வீட்டுப் பூட்டு என்று இந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் நீ எழுதியதை முதலில் அவரிடம்தான் படித்துக் காட்டினாய். அவர் கேட்டுவிட்டு "எங்க வீட்டுப் பூட்டு இன்னும் பெருசுடா, பெருசாவே எழுது லா" என்றார். வீட்டில் இருந்த வரைக்கும் நீ அப்படித்தான் செய்தாய், யாரை வைத்து எழுதினாயோ அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ கொடுத்து, முதலில் அவருக்குப் படிப்பாய். அவர் சிரித்தால்தான் அது டிவி ஸ்டேசனுக்குப் போகும். வீரம்மா ஆன்டியின் கதையை நீ படித்தபோது எல்லா இடத்திலும் சிரித்தார், புருசன் விட்டுப் போனதைத் தொட்ட இடத்தில் மட்டும் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். நீ பாதி வார்த்தையில் நிறுத்தி, முழுக்கதையையும் கிழித்துப் போட்டு, வேறு எழுதிக்கொண்டு ஓடினாய். நன்றாகச் சிரிக்க வைக்கிறான் என்பதைவிட, இந்தப் பிள்ளைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிகிறதே என்றுதான் அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

இத்தோடு ஷோ முடிகிறது என்கிறார்களே, இந்தக் கடைசி வருடத்தை யார் எழுதியது வாசு? உன் பேர்தான் வருகிறது. முதல் வாரமே ராமையா வாசலில் வந்து "இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு, வெளிய உக்காரலாம்" என்கிறார். பிரிக்பீல்ட்ஸில் எவன் வெயிலில் போய் உட்காருவான்? உனக்கு அங்கே குளிர், அதனால் அவருக்கு வெயில் இனிக்கிறது. அவர் பெண்டாட்டி அலமேலு தேங்காய் துருவி வாங்கப் போகிற கடை மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது அங்கே வீடியோ வாடகைக்குக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் போகட்டும், தூரத்தில் இருக்கிறாய், தெரிந்திருக்காது. முன்பு சிரிப்புச் சத்தம் நம் வீட்டிலிருந்தும் கீழ் வீட்டிலிருந்தும் வரும், இப்போது டிவிக்குள்ளேயே யாரோ சிரிக்கிறார்கள், நாங்கள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறோம். முன்பு அகம்பாவம் பிடித்தவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள், ராமையா, மேனேஜர், வட்டிக்கு விடுகிறவன். இப்போது பாவப்பட்டவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் செல்வியை என்ன செய்து வைத்திருக்கிறாய்? அப்பனை ஒரே வார்த்தையில் உட்கார வைத்தவள், இன்றைக்குப் பவுடர் பூசிக்கொண்டு மாப்பிள்ளை வருவானா என்று ஜன்னலில் தொங்குகிறாள். அதற்கு அந்த டப்பாச் சிரிப்பு வேறு.

இனி விசயத்துக்கு வருகிறேன். நாலாவது வாரம் எப்போதும்போல எல்லாரும் நம் வீட்டில் கூடினார்கள், தம்புசாமி அங்கிள், வீரம்மா ஆன்டி, அவர் மருமகள். செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் வடையையும் கேசரியையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, மிச்சத்தைப் பொங்குஸ் பண்ணித் தரச் சொல்லிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு போய், மறுநாள் பெண்ணுக்கு வயது அதிகம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். உன் அப்பா முதலில் சிரித்தார். பிறகு பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். அது நம் வீட்டில் நடந்தது, கலாவுக்கு நடந்தது, நான் உனக்கு அழுதுகொண்டே எழுதினேன். "வாங்கிப் போன பை நம் வீட்டுப் பை" என்று நான் எழுதிய வரியைக்கூட விடாமல் அலமேலு வாயில் போட்டிருக்கிறாய். கலா விளம்பரம் வந்ததும் எழுந்து போய்க் கப்புகளைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய கப்பையே திரும்பத் திரும்பக் கழுவினாள். வீரம்மா ஆன்டி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், மற்றவர்களும் போய்விட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து யாரும் வருவதில்லை, கேட்டால் தலைவலி என்கிறார்கள். நாலு சுவருக்குள் கிடந்ததை நாடு முழுக்கக் காட்டினாயே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? தம்புசாமி அங்கிளுக்குக் கொடுத்த மரியாதை உன் கூடப் பிறந்தவளுக்குக் கிடையாதா?

அதோடு முடிந்திருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். பண்டமாரானில் இருக்கிற ஜெயராஜ் பற்றி எழுதியிருந்தேன், கப்பல் போர்ட்டில் வேலை செய்கிற பையன், கலாவைப் பிடித்திருக்கிறது என்று அவனே அவளிடம் சொல்லிவிட்டான், அவளுக்கும் பிடித்திருக்கிறது. சித்திரை பிறந்ததும் பரிசம் போட வருவதாகப் பேச்சு. அவன் அம்மா லெட்சுமி அக்கா நேற்று முன்தினம் போன் செய்தார். சண்டை போடவில்லை, சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீங்க நல்லவங்கதான் அக்கா, கலாவும் தங்கமான பொண்ணு. ஆனா உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா டிவில வருதே. நான் கால இழுத்து இழுத்து நடக்குறவ, சின்னப் புள்ளையில லோரி அடிச்சதுலேர்ந்து ஊரு சிரிச்சது போதும். கொஞ்சம் யோசிக்கிறோம்" என்றார். அப்படியெல்லாம் என் மகன் எழுதமாட்டான் என்று சொல்லியிருப்பேன், ஆனால் அன்றைக்குக் காலையில்தான் அலமேலுவாக நடிக்கிற குணேஸ்வரி நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். கடைசி வாரத்து ஸ்கிரிப்ட் கையில் வந்துவிட்டதாம். "அக்கா, இதுல ஒரு நொண்டிச் சம்பந்தி வர்றாங்க. படி ஏற ஏற ராமையா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுறாரு. இது யாரு, வாசுவுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

பாவி மகனே, நான் என்ன எழுதினேன், நீ என்ன எடுத்துக்கொண்டாய்? லிப்ட் கெட்டுப்போன அன்றைக்கு அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டு நம் மாடி வரைக்கும் ஏறி வந்தார், மூச்சு வாங்க நின்று "நல்ல பொண்ணு கெடைக்கும்னா பத்துமலைப் படி கூட ஏறலாம்" என்று சிரித்தார், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினேன். கலாவுக்கு இப்படி ஒரு மாமியாரா என்று சந்தோசப்பட்டு எழுதினேன். உனக்கு அதில் கால் மட்டும்தான் தெரிந்தது. உன்னைப் பெற்றேன் என்பதற்காக இதை மூடி மறைத்துப் பேசமாட்டேன், நீ செய்தது கேவலம். மருமகளையும் இதைப் படிக்கச் சொல், அவளும் நான்கு வார்த்தை கேட்கட்டும்.

நானும் உன் அப்பாவும் ஸ்டேசனுக்கே போய்த் தயாரிப்பாளர் கார்த்திகேசுவைப் பார்த்தோம். மரியாதையாகத்தான் பேசினார், "ஆன்டி, எழுதுனது வாசு, அவனைக் கேக்காம நான் கை வைக்க முடியாது லா. ஒரு பேக்ஸ் அனுப்பச் சொல்லுங்க, அந்த சீனையே தூக்கிடுறேன்" என்றார். இந்த மாதக் கடைசியில் எடுக்கிறார்கள், மறு வெள்ளிக்கிழமை டிவியில் வருகிறது. ஆகவே கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதல் வேலையாகப் போய்ப் பேக்ஸ் அனுப்பு. எனக்கு விளக்கம் எழுதாதே, நகைச்சுவை என்றால் என்ன என்று பாடம் எடுக்காதே, அது வேறு ஆள்தானம்மா என்று சொல்லாதே. லெட்சுமி அக்காவுக்கு நீ போன் செய்து நல்லவன் மாதிரிப் பேசவும் வேண்டாம், தனக்கு என்ன வர இருந்தது என்று அவருக்குத் தெரியவே கூடாது. கலாவிடம் மட்டும் மன்னிப்புக் கேள், அதைச் சிரிக்காமல் கேள்.

பேரனுக்குக் காது வலி என்றாயே, குளிர் காற்றில் தொப்பி இல்லாமல் வெளியே கொண்டு போகாதே, எண்ணெய் கிண்ணெய் ஊற்றாமல் டாக்டரிடம் காட்டு. உனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் செய்து வைத்திருந்தேன், அனுப்ப மனசு வரவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம். நம் தெருவிலும் சொந்தத்திலும் விசயங்கள் நிறைய இருக்கின்றன, நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. எதையும் எழுதப் போவதில்லை. வாராவாரம் நீ என் பிள்ளை என்று நினைத்துத்தான் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன், டிவிக்காரனுக்கு எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. இனி உனக்குத் தெரிய வேண்டுமென்றால் விமானம் ஏறி வந்து அவரவரைக் கேட்டுத் தெரிந்துகொள்.

முருகன் உனக்கு நீண்ட ஆயுளும், அதற்கு முன்னால் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம். பேக்ஸை மறந்துவிடாதே. அந்த வெள்ளிக்கிழமை லெட்சுமி அக்கா பண்டமாரானில் டிவி முன்னால் உட்கார்ந்து, கடைசி நிமிசம் வரைக்கும் தன் காலைத் தேடிப் பார்ப்பார். நாங்கள் டிவி போடமாட்டோம். நான், உன் அப்பா, கலா மூன்று பேரும் அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீதாலெட்சுமி