மூன்று பவுலர்கள் போதும்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். காற்றே இல்லை. கடை திறந்ததும் காலாவதி மருந்துகளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் போட்டேன். இருமல் மருந்து மட்டும் பதினோரு பாட்டில்.

எங்கள் ஊர் கிரிக்கெட் டீம் கோமுகி பாய்ஸ் நேற்றும் தோல்வி. தொடர்ந்து நான்காவது. என் மருந்துக்கடைக்கும் வீட்டுக்காரரின் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் டீக்கடை பெஞ்ச். டீம் மேனேஜர் இவர்தான் என்பதால் கூட்டம் அங்கேதான் கூடும். நான் கவுண்டருக்குள் நின்றாலும் ஒரு வார்த்தை தப்பாது. டென்னிஸ் பால், எட்டு ஓவர் ஆட்டம். அதற்கு இவ்வளவு பேச்சு.

இன்று புதுச் செய்தி. டீமுக்குச் செலவு செய்யும் ரைஸ் மில் முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார்: ஐந்து பவுலர்கள் எதற்கு, மூன்று போதும், மீதி இடத்துக்கு அடிக்கிற ஆளைப் பிடியுங்கள். வைத்துக்கொள்ளும் மூவருக்கு மில்லில் நிரந்தர வேலை. மற்ற இருவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

யாரை வைப்பது, யாரை எடுப்பது? காலை ஏழரைக்கு ஆரம்பித்தது, கடைக்கு ஆள் வரும்வரை ஓயவில்லை. மொபைல் கடை பாஷா பாய், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ராஜாராமன் சார், இவர். மூன்று பேருக்கும் மூன்று பட்டியல். மூன்றிலும் இருந்த ஒரே பெயர் சடையன்.

மகள் யாழினிக்கு ரெக்கார்ட் நோட்டு, பழுப்பு அட்டை வாங்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சடையன் வந்தான். வழக்கமான அட்டைதான். டைக்ளோ, பத்து வலி மாத்திரை.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவனுக்கு. பெண்டாட்டி வெண்ணிலாவும் பெண் குழந்தையும் மலை மேலேயே. இவன் இங்கே மில்லில் மூட்டை ஏற்றுகிறான், கூப்பிட்ட நாளைக்கு வேலை. மில் பின்னால் இருக்கும் அறையில் தங்கல். போன வருஷம் மலையில் ஒரு திருவிழா ஆட்டத்தில் இவன் பந்து போட்டதைப் பார்த்துவிட்டு இவர்தான் கூட்டிவந்தார். அப்படி ஒரு வேகம். வெள்ளிமலை எக்ஸ்பிரஸ் என்று பாஷா பாய் பெயரே வைத்துவிட்டார்.

முதலில் தோள் வலி என்று வந்தான். ஒரு மாத்திரை. பிறகு ஒரு அட்டை. இப்போது வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. டாக்டர் சீட்டு கேட்டதில்லை. கேட்க வேண்டியது நான்தான். முதல் அட்டையை எந்த நாளில் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை. சங்கராந்திக்குப் பிறகு இருக்கும்.

இன்று இமை இரண்டும் உப்பியிருந்தன. தூங்கலையா என்றேன். நல்லாத்தான் தூங்குறேன்க்கா, எழுந்தா மூஞ்சி இப்படி இருக்குது என்றான். சிரித்தான். சில்லறையை எடுக்க மறந்து போய்விட்டான், திரும்ப வந்து எடுத்துக்கொண்டான்.

செப்டம்பர் 11, வியாழன்

மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றி ஒப்பேற்றினேன். மலைப் பக்கம் மேகம் கட்டி நிற்கிறது, இங்கே இறங்கவில்லை.

பெஞ்சில் இன்றும் அதே பேச்சு. ராஜாராமன் சார் நோட்டோடு வந்துவிட்டார். எல்லா ஆட்டத்திலும் ஒவ்வொரு பந்தையும் எழுதிவைத்திருக்கிறார். நாற்பது வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்த கை. அவர் பட்டியல் மாறிவிட்டது. லெஃப்ட் பிரகாஷ் இருக்கட்டும், பி.டி. வாத்தியார் இருக்கட்டும், கடைசி ஓவர் போடும் மணி இருக்கட்டும். சடையன் வேண்டாம்.

பாஷா பாய்க்குக் கோபம். அவன எடுத்துட்டு இன்னா டீம் நடத்துவீங்க என்று கேட்டார். சார் நிதானமாகச் சொன்னார். "அவன் ஓடி வர்ற தூரமே கொறஞ்சிக்கினு வருது பாய். பதினெட்டு ஸ்டெப்பு வச்சவன் இப்ப பன்னெண்டுல நிக்கிறான். ஆளுக்கு இன்னாமோ ஆயிக்கினு இருக்குது."

 இவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சடையன் வந்தான். செருப்பு வார் பாதத்தில் பள்ளம் போட்டிருந்தது. காலைத் தூக்கச் சொல்லி விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. நான் கையை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது. ப்ரஷர் மெஷினைக் கட்டினேன். 170/110. மெஷின் தப்போ என்று என் கையில் கட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாகக் காட்டியது. ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டேன். கூச்சப்பட்டான். கம்மிதான், நுரையா வருது என்றான்.

மாத்திரை கிடையாது என்றேன். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடு, இந்த மாத்திரை கிட்னியைத் தின்னும் என்று விளக்கிச் சொன்னேன். எட்டு மாதம் விற்றுவிட்டு இப்போது விளக்கம்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா. மூணு பேர்ல நான் இல்லன்னா மில்லுல மூட்டைக்கும் கூப்புட மாட்டாங்க. பொண்ண இங்க இஸ்கூல்ல சேக்கணும்னு வெண்ணிலா சொல்லிக்கினே இருக்குது."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். மாத்திரை கொடுக்கவில்லை. வெறும் கையோடு போனான். போனதும் எனக்கு நிம்மதி போல இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஏரிக்கரை மைதானத்தில் பயிற்சி ஆட்டம். நான் போகவில்லை. துணி துவைத்தேன். மதியம் இவர் வரும்போதே முகம் பிரகாசம். சடையன் இரண்டு ஓவரில் நான்கு விக்கெட்டாம். பழைய வேகமாம். சார் வாயை மூடிக்கொண்டாராம்.

 வியாழக்கிழமை வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் நின்றவன். மாத்திரை இல்லாமல் எப்படி?

செப்டம்பர் 15, திங்கள்

விடை கிடைத்தது. இவருடைய பேண்ட்டை ஊறவைக்கும் முன் பையைத் துழாவினேன். பஸ் நிலையம் பக்கத்து மருந்துக்கடைக் கவர். உள்ளே டைக்ளோ இரண்டு அட்டை. ஒன்றில் நான்கு மாத்திரை இல்லை.

யாழினி பள்ளிக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு கவரை அவர் முன்னால் வைத்தேன். பொய் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"இருபத்தொண்ணாம் தேதி மேட்ச் வரைக்கும்தான் சுமதி. அதுல ஜெயிச்சாத்தான் அடுத்த ரவுண்டு. அப்பறம் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்."

கால் வீங்கியிருப்பது தெரியுமா என்றேன். தெரியும் என்றார். ப்ரஷர்? அதுவும் அவன் சொல்லிவிட்டானாம். என்னிடம் அண்ணனுக்குச் சொல்லாதே என்றவன், அண்ணனிடமே போய் மாத்திரை கேட்டிருக்கிறான். வலி அப்படி.

அவனை எடுத்துவிடுங்கள், ராஜாராமன் சார் சொல்கிற மாதிரி மற்ற மூவரை வையுங்கள் என்றேன். எடுத்தால் அவன் பிழைப்பு போகும் என்றார். வைத்தால் ஆளே போய்விடுவான் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"நீ எட்டு மாசம் குடுத்தியே, அப்ப நான் எதுனா கேட்டனா?"

குரலை உயர்த்தவில்லை. அதுதான் தைத்தது.

ஜெராக்ஸ் கடை சாவியை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டார். நான்தான் எடுத்துப்போய்க் கொடுத்தேன். 

செப்டம்பர் 17, புதன்

முதலாளி வந்தார். டீக்கடை முன்னால் நாற்காலி போட்டார்கள். நிற்க இடமில்லாமல் இருபது பேர். என் கடைப் படிவரை ஆள்.

ஒவ்வொரு பெயராக எடுத்து அலசினார்கள். வாத்தியாருக்கு வயசாகிவிட்டது, ஆனால் பந்து திரும்புகிறது. மணிக்குத் தலைக்கனம். பிரகாஷ் முக்கியமான நேரத்தில் வைடு போடுவான். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. சார் நோட்டைப் பிரித்தார், யாரும் காது கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு விக்கெட் எடுத்தவனைப் பற்றி நோட்டு என்ன சொல்லும்?

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். வாயைத் திறந்தேன் என்றே நினைக்கிறேன். அப்போது ஒரு அம்மா குழந்தைக்கு வயிற்று உப்புசம், மருந்து வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்து, எத்தனை சொட்டு என்று சொல்லி, திரும்பினால் கைதட்டல்.

சடையன், பிரகாஷ், வாத்தியார்.

இவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 20, சனி

பத்து மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மலை தெரியவில்லை. மழையும் இல்லை.

சடையன் மைசூர்பாகு கொண்டுவந்தான். மில்லில் நிரந்தரம் என்று முதலாளி வாயால் சொல்லிவிட்டாராம். வெண்ணிலாவுக்குப் போன் செய்துவிட்டானாம். நீயும் சாப்பிடு என்றேன். வேண்டாம்க்கா, எதைத் தின்னாலும் குமட்டுது என்றான். கிட்டே வந்தபோது மூச்சில் ஒரு வாடை. மூத்திர வாடை. கிட்னி கெட்டால் வரும் என்று படிப்பில் எழுதியிருந்தது, இப்போதுதான் முதல்தடவை முகர்கிறேன். நாலு படி ஏறியதற்கு அவனுக்கு இரைத்தது.

கடையைச் சாத்துகிறேன், நானே கூட வருகிறேன், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கையைப் பிடித்துக்கூட இழுத்தேன்.

"நாளைக்கு ஒரு நாள்க்கா. திங்கக்கெழம நீங்க எங்க கூப்புட்டாலும் வரேன்."

ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டான். மைசூர்பாகு பொட்டலம் கவுண்டரில். எறும்பு வந்துவிட்டது.

இவரிடம் வீட்டில் மறுபடி சொன்னேன். மூச்சு வாடை வரை சொன்னேன். கொஞ்சம் பயந்தார், அது தெரிந்தது. பிறகு, ஒரு ஓவர் மட்டும் போடச் சொல்றேன் என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

முதல்முறையாக ஆட்டம் பார்க்கப் போனேன். ப்ரஷர் மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு. எதற்கு?

வெயில் தலையைப் பிளந்தது. சின்னசேலம் டீம். நம்மவர்கள் முதலில் ஆடி அறுபத்தெட்டு. சடையன் முதல் ஓவரிலேயே இரண்டு பேரை எடுத்தான். பாஷா பாய் துண்டைச் சுழற்றினார். ஒரு ஓவரோடு நிறுத்து என்று இவரைப் பார்த்துக் கை காட்டினேன். இவர் கேப்டனிடம் போய்ச் சொன்னதையும் பார்த்தேன். கூட்டம் விடவில்லை. எக்ஸ்பிரஸ், எக்ஸ்பிரஸ் என்று கத்தினார்கள். பந்து மறுபடி அவன் கையில்.

மூன்றாவது பந்து போட ஓடிவந்தவன் பாதியில் நின்றான். மெதுவாக உட்கார்ந்தான், யாரோ உட்காரச் சொன்ன மாதிரி. டைம் வேஸ்ட் பண்றான்யா என்று எனக்குப் பின்னால் ஒருவர். பிறகு வாந்தி. பிறகு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

இவர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். ஆம்னி வேன். சடையன் தலை என் மடியில். ராஜாராமன் சார் முன் சீட்டில், நோட்டு கையிலேயே.  வழியில் கோர்ட் பக்கம் போக்குவரத்து நெரிசல், இவர் இறங்கிப்போய் வண்டிகளை விலக்கினார். அழுதுகொண்டே விலக்கினார்.

ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்களாம். ஆறு ரன்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையிலேயே ஆஸ்பத்திரி. இரண்டு கிட்னியும் போய்விட்டதென்று முதல் ரிப்போர்ட். டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். கண் திறக்கவில்லை.

வராந்தாவில் டீம் ஆட்கள் ஏழெட்டுப் பேர். பாஷா பாய் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முதலாளியிடமிருந்து யாருக்கோ போன். வருகிற ஞாயிறு அடுத்த சுற்று, மணியைக் கூப்பிடுங்கள் என்றாராம். மணியா, வேறு ஆளா என்று இரண்டு பேர் அங்கேயே பேச ஆரம்பித்தார்கள். சார் எழுந்து வெளியே போய்விட்டார்.

வெண்ணிலா வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். இடுப்பில் குழந்தை. சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும். நான் மருந்துக்கடை அக்கா என்று இவர் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அது. வலின்னு போனா அக்காதான் மாத்திர குடுத்து பாத்துக்கினு இருக்குதுன்னு போன்ல சொல்லிக்கினே இருப்பாரு."

கையை உருவிக்கொள்ள முடியவில்லை. அவள் விடவும் இல்லை.

அதற்குள் டாக்டர் வெளியே வந்தார். பெண் டாக்டர், என் வயதுதான். வலி மாத்திரை எடுத்திருக்கிறார், என்ன மாத்திரை, எத்தனை நாளாக, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி.

வெண்ணிலாவின் கைக்குள் என் கை இருக்கும்போதே மாத்திரையின் பெயரைச் சொன்னேன். எட்டு மாதம் என்றேன். சீட்டு எழுதினது யாரு என்றார்.

யாரும் இல்லை, நான்தான் கொடுத்தேன் என்றேன்.