கட்டில் கம்பி

என் கண்ணான பேத்திக்கு,

ஜிம்மில் ஊராருக்குச் சொல்லிக்கொடுப்பதை எனக்கும் ஃபோனில் காட்டினாயே, அதில் எதையும் நான் விடவில்லை. நோன்பு மாதத்திலும், நோன்பு திறக்க அரை மணி இருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, தண்ணீர் கேனைத் தூக்கினேன். ஐந்து லிட்டரில் ஆரம்பித்துப் பத்துக்கு வந்துவிட்டேன். "நோன்பும் வச்சுக்கிட்டு பயில்வான் வேலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "உனக்கும் சேர்த்துத்தான்டி தூக்குறேன்" என்றேன்.

போன வாரம் உன் அப்பா வந்தான். படுக்கையில் கிடக்கிற தாத்தாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் படிவம் கொண்டுவந்திருந்தான். "இவரைத் தூக்கி நாற்காலியில உட்கார வைம்மா பார்ப்போம். இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றான். மணி மூன்று. நாக்கு வறண்டிருந்தது. நோன்பு திறந்தபிறகு தூக்குகிறேன் என்று சொல்ல ரோஷம் விடவில்லை.

பத்து நாளாக நான் தனியாகத் தூக்கி மாற்றிய உடம்புதான். அன்றைக்கு அசையவே இல்லை. என் முழங்கால் நடுங்கியதை உன் அப்பா கவனிப்பதற்கு முன்பே தாத்தா பார்த்துவிட்டார். பேச்சு போன மனுஷன், விளங்குகிற ஒரு கையால் சுவர்ப் பக்கத்துக் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

அவர் கம்பியைப் பிடித்திருந்ததை உன் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. என் பலம் போதவில்லை என்றே அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

தாத்தாவை வண்டியில் ஏற்றிப்போய் நாலு நாள் ஆகிறது. இன்றைக்கும் கேனைத் தூக்கினேன். நாற்காலிக்கு வரமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொள்கிற ஆளைத் தூக்க எத்தனை கிலோ பழக வேண்டும்? உன் ஜிம்மில் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பாவைப் பெற்றவள்