கருப்பருக்குப் போன கப்பல் வாள்

9 செப்டம்பர் 2024, திங்கள்

வீடு வந்து சேர்ந்தேன். தஞ்சாவூரிலிருந்து ஆவுடையார்கோவில் வரைக்கும் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் செவந்தி டிரைவரைத் திட்டினாள். பைபாஸ் செய்த டாக்டர் சொல்லி அனுப்பியது: மூன்று மாதம் கனமான எதையும் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. முதலாவது முடியும்.

படுக்கும் முன் முன்னறையை எட்டிப் பார்த்தேன். சுவரில் மூன்று வாள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கின்றன. நடுவில் வெறும் உறை தொங்குகிறது.

"செவந்தி, நடுவுல இருந்தது எங்க?"

"மொதல்ல கஞ்சியக் குடிங்க."

சண்டை போடத் தெம்பில்லை. குடித்தேன்.

10 செப்டம்பர்

சொல்லிவிட்டாள். கருப்பருக்குக் கொடுத்துவிட்டாளாம்.

என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடியதும் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் கண் விழித்த மறுநாளே பஸ் ஏறி ஊருக்கு வந்து, வாளை எடுத்துக்கொண்டு போய்க் கண்மாய்க்கரைக் கருப்பர் முன்னால் மண்ணில் நட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் தஞ்சாவூர் திரும்பியிருக்கிறாள். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்தவள் மகள் ரம்யா. "அம்மா துணிமணி எடுக்கப் போயிருக்குப்பா" என்றாள். அவளும் கூட்டுக் களவாணி.

"ஊர்ல எல்லாரும் அருவாதானடி குடுக்குறாக? கடையில ஒண்ணு வாங்கி நட்டிருக்கலாம்ல?"

"கடையில வாங்குன அருவாளுக்கு ஒங்க உசுரு வருமா? ஒங்களுக்கு எது உசுரோ அதத்தான குடுக்கணும்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

11 செப்டம்பர்

அவளோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

14 செப்டம்பர், சனி

காரைக்காலிலிருந்து சரவணக்குமார் போன் செய்தார். பழைய வாள் சேர்க்கிற இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொரு ஆள். உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை, வாளைப் பற்றி இருபது வார்த்தை. டிசம்பரில் அங்கே பழம்பொருள் கண்காட்சி வைக்கிறார். "உங்க கிரீட வாள்தான் நடு மேசையில. மறந்துடாதீங்க." சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? எங்கள் கருப்பசாமி வைத்திருக்கிறார், கேட்டு வாங்கித் தருகிறேன் என்றா?

துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் பிட்டராக இருந்தேன். அங்கே ஒரு பழைய சாமான் கடைக் கண்ணாடிக்குள் பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரியின் வாளை முதல்முதலாகப் பார்த்தேன். லேசான வளைவு, எருமைக்கொம்புப் பிடி, கைக்காப்பில் நங்கூரம். அதை வாங்க முடியவில்லை. அந்தக் குறைதான் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஊர் திரும்பியபிறகு காரைக்கால், பாண்டிச்சேரி என்று எத்தனை பழைய வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன்! கடைசியில் கையில் தங்கியது மூன்று. ஒன்று நுனி முறிந்தது. ஒன்று போலி, வடக்கே எங்கோ வார்த்த நகல், ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஏமாந்தது. எனக்கு நானே வைத்துக்கொண்ட புத்திமதியாக அதையும் மாட்டினேன்.

மூன்றாவதுதான் வாள். நங்கூரத்தின் மேல் கிரீடம் இருக்கும், அதன் மேல் தங்க முலாம். காரைக்காலில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய ஒரு குடும்பத்தில் கொசுவலைக் கம்பாகக் கிடந்தது. நாலு வருஷம் நடையாய் நடந்தேன். மூன்று வருஷம் காப்பி மட்டும் கொடுத்தார்கள்.

அதுதான் இப்போது கண்மாய்க்கரையில் நிற்கிறது. கருப்பர் முன் நட்டதை யாரும் பிடுங்கமாட்டார்கள். துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகும்வரை நிற்கவேண்டியதுதான்.

27 செப்டம்பர், வெள்ளி

நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். கண்மாய்க்கரை வரை நடந்தேன். செவந்தியும் வந்தாள்.

பார்த்திருக்கவே வேண்டாம். துருவேறிய அரிவாள்களுக்கு நடுவே கைப்பிடி மேலாக நிற்கிறது. நெற்றிக்கு இடுகிற மாதிரி கைக்காப்பில் சந்தனம், குங்குமம். அதுகூடப் பரவாயில்லை. முலாம் எங்கே? கிரீடத்திலும் இல்லை, நங்கூரத்திலும் இல்லை. மஞ்சள் பித்தளை பல்லைக் காட்டுகிறது.

"இத என்ன செஞ்ச?"

"கறுப்பு ஏறிக் கெடந்துச்சுங்க. சாமிக்கு அப்படியேவா குடுக்குறது? புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். குத்துவெளக்கு மாதிரி ஆயிருச்சு." சொல்லும்போது முகத்தில் பெருமை வேறு.

அந்த முலாம் நூற்றைம்பது வருஷம் கடற்காற்றுக்குத் தாக்குப்பிடித்தது. எங்கள் வீட்டுப் புளிக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அழுகை வந்தது. ஒரு இரும்புத் துண்டுக்கா அழுவார்கள்? நான் அழுதேன்.

11 அக்டோபர், ஆயுத பூசை

மிச்சமிருந்த இரண்டையும் பூசைக்குக் கேட்டாள். அடுப்படியில் புளிப் பானையை ஒளித்து வைத்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நுனி முறிந்த வாளுக்கு எண்ணெய் போடலாம் என்று எடுத்தால், தையல் மெஷின் எண்ணெய் பாட்டிலில் பாதிதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி போகுமுன் புதிதாக வாங்கிய பாட்டில். கேட்டேன். வாசல் கேட் கிறீச்சிட்டது, அதற்கு விட்டேன் என்றாள். அரைப் பாட்டில் குடிக்கிற கேட்டா?

16 அக்டோபர்

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்க்கிறேன். ஊரே கண்மாய் நிறையவேண்டும் என்கிறது. எனக்கு மட்டும் வேறு கவலை. இதை யாரிடம் சொல்வது?

20 அக்டோபர், ஞாயிறு

இன்னும் மழை. அலுத்துவிட்டது. கஞ்சி, மாத்திரை, "எப்படி இருக்கீக" என்று வருகிறவர்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள்.

ஒன்று தோன்றியது. போலி வாள் சுவரில் சும்மாதானே தொங்குகிறது? அதுவும் அதே வளைவு, அதே நங்கூரம், அதே கிரீடம். புளி போட்டுத் தேய்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. செவந்திக்கும் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது. கருப்பருக்குத் தெரியுமா? தெரிந்தால் அவர் என்னிடம் நேராகப் பேசிக்கொள்ளட்டும்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. பிறகு எதற்கு இதை எழுதும் முன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்? சாரல்தான்.

23 அக்டோபர், புதன்

செவந்தி ரேஷன் கடைக்குப் போனாள். அங்கே வரிசை நீளம், உடனே வரமாட்டாள். போலியைப் பழைய லுங்கியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். உச்சிப்பொழுதில் கருப்பர் பக்கம் யாரும் போகமாட்டார்கள். அதுதான் எனக்கு வசதி.

வயல் வரப்பெல்லாம் சகதி. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அறுபத்து மூன்று வயதில், நெஞ்சில் தையலோடு, சாமியிடம் திருடப் போகிற மனுஷன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு வாரம் மழையில் நின்ற இரும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செம்மண் நிறத்தில் பூத்திருக்கும். அப்படித்தான் எதிர்பார்த்துப் போனேன்.

பூக்கவில்லை.

கைப்பிடியை ஒரு பிளாஸ்டிக் பை மூடியிருந்தது, பால் பாக்கெட் ரப்பர் பேண்டு போட்டு. பையை அவிழ்த்தேன். கொம்புப் பிடியைச் சுற்றித் துணி. என் பழைய பனியன். தோள்பட்டையில் கிழிந்தது, எனக்கு அடையாளம் தெரியாதா? இரும்பு மேலிருந்து மண் வரை பிசுபிசுவென்று எண்ணெய். விரலை மோந்து பார்த்தேன். தையல் மெஷின் எண்ணெய்.

எண்ணெயை எப்படிப் போட்டிருக்கிறாள் என்று பார்த்தேன். மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக, நான் துடைக்கிற மாதிரியே. நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. இத்தனை வருஷமாக அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பின்னாலிருந்து குரல். பூசாரி ஆண்டிச்சாமி, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"என்னண்ணே, உச்சி வெயில்ல வந்து நிக்கிறீக? ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"சும்மாதாண்டா."

"அக்காதான் வெள்ளிக்கெழம தவறாம வந்து தொடச்சுட்டுப் போறாக. ஏந்தாயி, சாமிக்குக் குடுத்ததத் தொடைக்கணுமான்னு கேட்டேன். 'குடுத்தது சாமிக்கு. துருப்பிடிச்சா மனசு ஒடையிறது அவுகளுக்கு'ன்னாக." பிறகு என் கக்கத்தைப் பார்த்தான். "அது என்ன, இன்னொண்ணா?"

லுங்கி நழுவி நங்கூரம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"ஆமா. இதுவும் கருப்பருக்குத்தான்."

"பெரிய மனசுண்ணே ஒங்களுக்கு" என்று அவனே வாங்கி, முதல் வாளுக்குப் பக்கத்தில் ஓங்கி நட்டான். திருடப் போய்க் காணிக்கை போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் செவந்தி எனக்கு முன்னால் வந்திருந்தாள். என் காலில் சகதியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். வெந்நீர் வைத்தாள்.

24 அக்டோபர்

சரவணக்குமாருக்குப் போன் செய்து, வாள் வராது என்றேன். வித்துட்டீங்களா என்று கத்தினார். இல்லை, கொடுத்தாகிவிட்டது என்றேன். யாருக்கு என்றார். "எனக்காகத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்குப் புரிந்திருக்காது. உறையை மட்டும் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

25 அக்டோபர், வெள்ளி

குளித்துவிட்டுச் செவந்தி பையை எடுத்தாள். பைக்குள் எண்ணெய் பாட்டிலை நானே வைத்தேன். புதிது, நேற்று வாங்கியது. அவள் பாட்டிலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"கேட்டுக்கா?" என்றாள்.

"ஆமா, கேட்டுக்குத்தான். நட, நானும் வாரேன்."

மெதுவாகவே போனோம். விளக்கேற்றியதும் வாளின் மேல் எலுமிச்சம்பழத்தைச் செருகப் போனாள். வேண்டாம், புளிப்பு இரும்பைத் தின்றுவிடும் என்றேன். "சாமி காரியத்துல தலையிடாதீங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பழத்தைக் கொண்டுபோய்ப் போலி வாளில் செருகினாள்.

அப்படியானால் எது அசல், எது போலி என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். எப்படி என்று கேட்டேன்.

"அதுக்கு ஒருநாளாச்சும் எண்ணெ போட்டிருக்கீகளா?"

பனியன் துணியை வாங்கிக்கொண்டு குனிந்தேன். நெஞ்சுத் தையல் சுரீர் என்றது. அவள் கைப்பிடியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள், நான் துடைத்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை. மீதியை அவள் துடைத்தாள்.