மந்திரித்த லேப்டாப்

2025 ஆகஸ்ட் 2, சனி

சர்வீஸ் சென்டரின் அறிக்கை இன்று பகல் 12.10க்குக் கையில் கிடைத்தது. ஒரு பக்கம். கையெழுத்து: மாரிராஜ், டெக்னீஷியன். 'போர்டில் திரவம் பட்ட தடம் காணப்படுகிறது. வாரண்டி பொருந்தாது.' இரண்டே வரி. வாங்கிப் பதினாறு நாள்தான் ஆகிறது.

வரிசையாக எழுதி வைக்கிறேன். ஜூலை 17, ஆடித் தள்ளுபடி முதல் நாள், வி.இ. ரோட்டில் தங்கதுரை கடையில் வாங்கியது. பில் என் மனைவி பிளாரன்ஸ் பெயரில். 28ஆம் தேதி காலை அடியோடு எழும்பவில்லை. 29 அன்று சர்வீஸுக்குக் கொடுத்தோம்.

லேப்டாப் எனக்கல்ல. எனக்குப் பத்திரிகை ஆபீஸ் கம்ப்யூட்டரும் போனும் போதும். பள்ளிக்கூட வேலையை விட்டு நாலு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு ஒரு சென்னை நிறுவனம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வாய்ப்புத் தந்திருக்கிறது. முதலில் ஆறு சோதனை வகுப்புகள். அதைப் பார்த்துத்தான் வேலை. மூன்று முடிந்தது. மீதி மூன்றை ஆகஸ்ட் 23க்குள் முடிக்க வேண்டும். போனில் எடுக்கக் கூடாது, பெரிய திரை வேண்டும் என்பது அவர்கள் விதி.

மாரிராஜிடம், "எங்க வீட்ல தண்ணி படவே இல்ல தம்பி" என்றேன்.

"நான் பாத்ததைத்தான் சார் எழுதியிருக்கேன்."

கடைக்குப் போனேன். தங்கதுரை எழுந்து நின்று வணங்கினார். அதில் குறையில்லை.

"ரோச் அண்ணாச்சி, கம்பெனி ரிப்போர்ட்டு வந்துட்டுல்லா. இனி நான் என்ன செய்ய? பேப்பர்காரங்களுக்குக் காப்பி இல்லாம கை ஓடாதுன்னு ஊருக்கே தெரியும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காபி குடிப்பதை விட்டு ஆறு வருடம் ஆகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிளாரன்ஸ் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மாதா கோயில் நவநாள் ஜெபத்துக்கும் வரவில்லை. தலைவலி என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிந்தேன். எண் கொடுத்தார்கள். பிறகு கடைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் நோட்டீஸ் எழுதினேன். வக்கீல் சத்தியராஜ் ஒருமுறை படித்துப் பார்த்து, "இதுல நான் கை வைக்க ஒண்ணுமில்ல" என்றான். நான்காவது பத்தி எனக்கே பிடித்திருந்தது: 'எந்தக் கட்டத்திலும் எந்தத் திரவமும் இக்கருவியின் மீது படவில்லை.'

பில் அவள் பெயரில் இருப்பதால் கையெழுத்தும் அவளுடையதுதான். பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று போட்டுக் கொடுத்தாள். மாலை நான்கு மணிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. ஊரே தெருவில் இருக்கிறது. நான் வீட்டுக்குள்.

பூசை முடிந்து வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் எதிரே உட்கார்ந்தாள். "ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும். திருவிழா அன்னைக்குப் பொய்யோட இருக்க முடியல."

ஜூலை 27, ஞாயிறு. நான் திரேஸ்புரத்தில் படகுக்காரர்கள் கூட்டத்தில் இருந்தேன். அவள் லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பூசை முடிந்ததும் பங்குக் குருவான இனிகோ சாமியிடம் மந்திரித்துத் தரச் சொல்லியிருக்கிறாள். அவர் தீர்த்தம் தெளித்திருக்கிறார். மூடி திறந்திருந்ததா? திறந்துதான் இருந்திருக்கிறது. "எழுத்து மேலெல்லாம் படட்டும்னு நான்தான் தொறந்து புடிச்சேன்." வீட்டுக்கு வந்து முந்தானையால் துடைத்திருக்கிறாள். மறுநாள் எழும்பவில்லை.

"என் கையாலயே கெடுத்துட்டேன்" என்று அழுதாள்.

கத்தினேன். ஒரு வாரமா ஏன் சொல்லல? நேத்து கையெழுத்துப் போடும்போதாவது வாயத் தொறந்திருக்கலாம்ல? எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. பேனாவை மூடித் திறந்ததைப் பார்த்தேனே. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் இரண்டாவது கேள்வி கேட்காமல் விட்டிருப்பேனா? முப்பத்தொரு வருடமாக இரண்டு பேரிடம் உறுதி செய்யாமல் ஒரு வரி அனுப்பியதில்லை. என் வீட்டைப் பற்றிய வரியை, வீட்டில் இருப்பவளிடம் கேட்காமல் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இனிகோ சாமியைக் கோயில் பங்கு அலுவலகத்தில் பார்த்தேன். திருவிழாக் களைப்பில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கேட்டதும் நிமிர்ந்துவிட்டார்.

"தெளிச்சேன் ரோச்சு. எத்தனை சொட்டுன்னு கேக்காத, எண்ணித் தெளிக்கிற வழக்கம் இல்ல. இந்த வருசம் மட்டும் நாப்பது மீன்பிடி போட்டு, ரெண்டு வேனு, ஒரு ஐஸ் பாக்டரி மந்திரிச்சிருக்கேன். ஒண்ணும் முங்கல. உங்க வீட்டுப் பெட்டிதான் என் பேரக் கெடுத்துட்டு."

"சிரிக்காதீங்க சாமி. அவ சாப்பிட மாட்டேங்கா."

சிரிப்பை நிறுத்தினார். தெளித்ததை எழுதித் தருவதாகச் சொன்னார். நான் கிளம்பும்போது, "வகுப்பு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். "ஆறு மணிக்கு மேல இந்தக் கம்ப்யூட்டரு சும்மாதான் கெடக்கு. வந்து எடுக்கச் சொல்லு."

சொன்னேன். வரமாட்டாளாம். அந்த அறைக்குள் எந்த முகத்தோடு போவது என்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன். யார் எது சொன்னாலும் நேரத்தோடு குறித்துக்கொள்வது என் பழக்கம். காய்கறிக்காரர் விலை சொன்னாலும் குறிப்பேன். ஜூலை 22, செவ்வாய்ப் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில்: '7.40. பி. ஸ்கிரீன் போச்சு.'

நினைவு வந்துவிட்டது. அன்று மாலை துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரோடு வீட்டிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து பிளாரன்ஸ், "ஏங்க, ஸ்கிரீன் போச்சு" என்று கூப்பிட்டாள். குறித்துக்கொண்டேன், எழுந்து போகவில்லை. சற்று நேரத்தில் தானே சரியாகிவிட்டது போலும். பிறகு மறந்துபோனேன்.

22ஆம் தேதியே கோளாறு. தீர்த்தம் 27ஆம் தேதி.

ஆனால் அதே பக்கத்தில், அந்த வரிக்கு மேலேயே, துறைமுகத்துக்காரரின் பெயர், எண், அவர் சொன்ன எல்லாம் இருக்கிறது. பெயரை வெளியிட மாட்டேன் என்று சொல்லித்தான் பேச வைத்தேன். அந்தப் பகுதியை மறைத்து நகல் எடுத்துக் கொடுக்கலாமா என்று சத்தியராஜிடம் கேட்டேன்.

"ஒரிஜினலக் கொண்டாம்பாங்க. அது இருக்கட்டும். தீர்த்த விஷயம் யாருக்குத் தெரியும்? கேட்டாத்தான சொல்லணும்?"

எழுந்து வந்தேன். அந்தப் பக்கத்தைக் கொடுக்க முடியாது. தீர்த்தத்தை மறைக்கவும் முடியாது. இரண்டும் சேர்ந்தால் வழக்கு எங்கே நிற்கும்?

ஆகஸ்ட் 9, சனி

ராத்திரி மூன்று முறை எழுந்து உட்கார்ந்தேன். அவளும் விழித்துத்தான் கிடந்தாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் குறிப்பேட்டின் ஓரத்தை அவளிடம் காட்டினேன். மேலே இருந்ததைக் கையால் மறைத்துக்கொண்டேன். அவள் தேதியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அனுசியாவுக்கு ஆத்திசூடி நடத்திக்கிட்டு இருந்தேன்" என்றாள். துபாய்ப் பிள்ளை. "பாதியில கட்டாச்சு. திரும்பி வந்து சாரி சொன்னேன்." அப்புறம் எழுந்து உள்ளே போனாள். போனில் பேசுவது கேட்டது. இரண்டு வாரமாக இல்லாத அந்த டீச்சர் குரல்.

சென்னை நிறுவனத்தில் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேல்விழிக்கு அழைத்திருக்கிறாள். மதியம் மின்னஞ்சல் வந்தது. 'ஜூலை 22, மாலை 7.41: ஆசிரியரின் கணினி இணைப்புத் துண்டிப்பு. 7.49: மீள்இணைப்பு.' 24ஆம் தேதி வகுப்பிலும் இரண்டு துண்டிப்புகள்.

என் குறிப்பேடே தேவையில்லை. அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

"ஏங்க," என்றாள், "அது கெட்டுப்போச்சுன்னுதான மந்திரிக்கக் கொண்டு போனேன்? நல்லா ஓடுனதுன்னா எதுக்குத் தூக்கிட்டு அலையுதேன்?"

இந்தக் கேள்வியை 5ஆம் தேதி நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். ஏன் கொண்டுபோனாய் என்று. கத்தத்தான் செய்தேன்.

இரவு இரண்டு தோசை சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாரிராஜிடம் மறுபடி போனேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி: "இந்தத் தடம்தான் கோளாறுக்குக் காரணமா?"

"அப்படி நான் எழுதலையே சார். தடம்னுதான் எழுதியிருக்கேன். தடம் இருந்தா வாரண்டி கெடையாது, அது எங்க ரூலு. காரணம் என்னன்னு பாக்கணும்னா போர்டைக் கழத்தி டெஸ்ட் பண்ணணும். அது இங்கன முடியாது, லேபுக்குத்தான் போகணும்."

சரியாகத்தான் எழுதியிருக்கிறான். படித்த நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

திருத்தம் எழுதினோம். 'எமது 4ஆம் தேதி நோட்டீஸின் நான்காம் பத்தி தவறு. ஜூலை 27 அன்று கோயிலில் மந்திரிக்கையில் தீர்த்தம் தெளிக்கப்பட்டது. ஆனால் கோளாறு ஜூலை 22 அன்றே தொடங்கியது, சான்று இணைப்பு.' சத்தியராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். இம்முறை அவள் நான்கு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நேரிலேயே கொண்டுபோனோம். அவளும் வந்தாள். தங்கதுரை கடைக்குள் எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"பேப்பர்ல மறுப்பு வருமே, அத நேர்ல இன்னைக்குத்தான் அண்ணாச்சி பாக்கேன். தண்ணி பட்டதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீக. எனக்கு இது போதும், பிரேம் போட்டு மாட்டிருவேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பிளாரன்ஸ் பேசினாள். "மாட்டுங்க அண்ணாச்சி. தேதியும் தெரியுத மாதிரி மாட்டுங்க."

கடையில் இம்முறையும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல். புகார்தாரர்: பிளாரன்ஸ். சாமியின் கடிதம், வேல்விழியின் மின்னஞ்சல், மாரிராஜின் அறிக்கை, எங்கள் நோட்டீஸ், எங்கள் திருத்தம். எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு பக்கம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நான்காவது வகுப்பு, பங்கு அலுவலகத்தில். நடுவில் கோயில் மணி அடித்துவிட்டதாம். "மிஸ், உங்க வீடு ரயில்வே ஸ்டேஷனா?" என்று அனுசியா கேட்டிருக்கிறாள்.

செப்டம்பர் 4, வியாழன்

புகார் ஏற்கப்பட்டது. கடைக்கும் நிறுவனத்துக்கும் நோட்டீஸ். பதில் தர முப்பது நாள். தங்கதுரையைச் சந்தையில் பார்த்தேன். வணங்கினார், நானும் வணங்கினேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஆணையம், காலை 11.35. நான் பின் பெஞ்சில். தங்கதுரையின் வக்கீல் எங்கள் திருத்தத்தை எடுத்துக் காட்டி, தண்ணீர் தெளித்ததை அவர்களே ஒத்துக்கொண்டார்கள் என்றார். பெண் உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்து, "ஏன் இதை நீங்களா எழுதிக் குடுத்தீங்க?" என்று பிளாரன்ஸிடம் கேட்டார்.

"முதல்ல எழுதுனது தப்பும்மா. தெரிஞ்ச பிறகு அப்படியே விட முடியல."

"தெளிச்சது எந்தத் தேதி?"

"ஜூலை 27."

"மொதல்ல நின்னது?"

"22. சாயங்காலம் 7.41."

உறுப்பினர் மின்னஞ்சலைப் புரட்டினார். பிறகு மாரிராஜின் இரண்டு வரியை வாசித்து, "இதுல தடம்னுதான் இருக்கு. காரணம்னு எங்க இருக்கு?" என்று வக்கீலைக் கேட்டார்.

யார் பக்கமும் தீர்ப்பில்லை. லேப்டாப்பை ஆய்வகத்துக்கு அனுப்ப உத்தரவு. ஆணையமே மூடி முத்திரை வைத்து அனுப்பும். கோளாறுக்குக் காரணம் தண்ணீரா, உற்பத்திக் குறையா என்று அறிக்கை வர நாற்பத்தைந்து நாள், அதாவது நவம்பர் 23க்குள். தண்ணீர்தான் என்று வந்தாலும் வரலாம். வெளியே வந்ததும் அவளிடம் அதைச் சொன்னேன். "வரட்டும்" என்றாள்.

அடுத்த விசாரணை நவம்பர் 25, செவ்வாய். எவ்வளவு நேரமானாலும் அன்று ஆறு மணிக்குள் தன்னைப் பங்கு அலுவலகத்தில் கொண்டு விட்டுவிட வேண்டும் என்கிறாள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வகுப்புகள்.