நிலாவுக்கு வடம் பிடிப்பது யார்?

எதையும் ஒரே தடவையில் ஒப்புக்கொள்ளாத என் அன்பு மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. இங்கே குறுவை நட்டாயிற்று. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டதாக அறிக்கை வந்திருக்கிறது. தண்ணீர் பின்னால் வருமாம். மற்றபடி ஊர் நலம்.

ஒருநாள் மொட்டைமாடியில் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? "பூமி நிலாவ இழுக்குதுங்கிறீங்க. அப்ப ஏன் நம்ம தலையில விழல? சரி, சுத்துதுன்னே வச்சுக்குவோம். அதுக்கு வடம் பிடிக்கிறது யாரு மச்சான்?" அதற்குள் என் தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள். சோறு என்னைக் காப்பாற்றியது.

பதில் போன வருடத் தேரோட்டத்தில் கிடைத்தது. நீங்கள் தங்கைக்குக் கட்டிக்கொடுத்த தையல் கடை, தேர் திரும்பும் கீழவீதி முனையில்தானே இருக்கிறது? வீடியோ எடுக்கிறார்கள் என்று பையன்கள் தேரை ஓட்டமாக இழுத்து வந்தார்கள். முனை வந்ததும் ஒழுங்காக வடத்தைக் கீழே போட்டார்கள். தேரும் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை திணித்து நிறுத்துவதற்குள் கடையின் சன்ஷேடு போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

அன்றுதான் புரிந்தது. ஓடுகிற பொருளை ஓடவைக்க யாரும் தேவையில்லை; நிறுத்தவும் திருப்பவும்தான் ஆள் வேண்டும். தேரையாவது தரையும் அச்சும் தேய்த்துத் தேய்த்து நிறுத்தப் பார்க்கும். நிலா போகிற வழியில் தேய்க்க ஒன்றுமில்லை. அது நேராகப் போகத்தான் பார்க்கிறது. பூமி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் ஒரு தெருமுனை. நீங்கள் கேட்ட மாதிரி அது விழவும் செய்கிறது, மாப்பிள்ளை. ஆனால் விழுகிற அளவுக்கு முன்னாலும் போய்விடுவதால் பூமியைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறது. வேகம் மிகவும் குறைந்தால் நம் மேல். மிகவும் கூடினால் ஒரேயடியாகப் போய்விடும்.

விழாக் கமிட்டிக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. கடையை இடித்து முனையை அகலமாக்கலாம் என்றார்கள். தங்கைக்கு அந்தக் கடைதான் பிழைப்பு.

"சார், தேரு பெருமாளோடது, கடை உங்க தங்கச்சியோடது. எது நகரணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் தலைவர்.

"தேர்தாங்க நகரணும். அதுக்குத்தான சக்கரம் வச்சிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. முனைக்கு முன்னாலேயே முட்டுக்கட்டை போட்டு நிறுத்தி, பிறகு அடியடியாகத் திருப்பலாம் என்றேன். வேகம் இரண்டு மடங்கானால் அதே முனையில் திருப்ப நாலு மடங்கு இழுவை வேண்டும் என்றும் சொன்னேன். "நாலு மடங்கு ஆள் போட்டுடுவோம் சார்" என்றான் ஒரு பையன். கடைசியில் ஒரு வருடம் பார்ப்பது, தேர் மறுபடி இடித்தால் கடையை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

நேற்று தேர். தங்கையை வெளியே வரச் சொன்னேன்.

"அர்ஜெண்டா ஒரு ஜாக்கெட் இருக்குண்ணே. இடிக்கிறதுன்னா நான் உள்ள இருக்கிறப்பவே இடிக்கட்டும். அப்பவாச்சும் பாத்து இழுப்பாங்க."

கீழவீதியில் பாதியிலேயே கட்டை போட்டார்கள். தேர் முனகிக்கொண்டு நின்றது. அங்கிருந்து ஒவ்வொரு அடியாக வந்தது. முனையில் அதன் நிழல் கடைக்குள் நுழைந்து, கத்தரி, துணி, தங்கையின் முகம் எல்லாவற்றையும் மூடியது. தையல் மெஷின் நின்றது. உங்கள் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு வாசல் பக்கமிருந்து மெல்ல வெளிச்சம் திரும்பியது. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவள் தலை நிமிரவில்லை.

இனித் தேர் ஓடும் ஒவ்வொரு வருடமும், கால் தாங்குகிற வரை, கமிட்டி என்ன திட்டினாலும், அந்தச் சுவருக்கு முன்னால் நான் நிற்பேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு அண்ணனும்
உங்களுக்கு என்றும் மச்சானுமான நான்