லிப்ட் ஏழாம் மாடியில் நிற்கிறது

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். போன் செய்தால் நீ பேச்சை எங்கேயாவது இழுத்துக்கொண்டு போய்விடுவாய், அதனால்தான் கடிதம். அண்ணியும் குழந்தையும் நலம்தானே? அம்மாவுக்குக் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. பால்கனியில் நின்றபடியே தெருமுனையில் யார் யாரோடு போகிறார்கள் என்று சொல்லிவிடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் பாதியில் விட்ட ‘லிப்ட்காரர்’ கம்ப்யூட்டர் விளையாட்டின் சோர்ஸ் கோட், அதாவது நிரல், முழுவதையும் முப்பதாம் தேதி இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்போகிறேன். பதின்மூன்று மாடியில் ஏழு மாடிதான் கட்டினோம். அந்தச் சனிக்கிழமை நான் மாடிகளின் படங்களை எல்லாம் அழித்துத் தொலைத்த பிறகு மிஞ்சியது நிரல் மட்டும்தான். ஆனாலும் சோதனைப் பதிப்பை விளையாடியவர்கள் ஆறு வருஷமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பல் டாக்டர், மாடிகளைத் தானே மறுபடி வரைந்து தருவதாகச் சொல்கிறார். மூன்றாம் மாடி மாமியைப் பார்க்காமல் அவருக்கு ஏதோ மாதிரி இருக்கிறதாம்!

யார் எந்த வரியை எப்போது மாற்றினோம் என்ற பதிவேட்டைப் படிக்கிறேன். சிரிப்பு தாங்கவில்லை. ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் அன்று குடித்த கணக்கை எழுதவேண்டும் என்று சட்டம் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? உன்னுடையதில் எல்லாம் ‘டீ நாலு’, ‘டீ அஞ்சு’. என்னுடையதில் ‘வெந்நீர் ஒண்ணு’. கடைசி மாதத்தை மட்டும் இன்னும் திறக்கவில்லை. தைரியம் வரவில்லை.

உன் சம்மதம் வேண்டும். பாதி உன்னுடையது.

அன்புடன்,
வாலு

மார்ச் 6

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது. நீ மறுபடியும் அந்த நிரலைத் தொட்டதே பெரிய விஷயம். இந்த ஆறு வருஷமாக ஆஸ்பத்திரி மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் பெண்ணா நீ? தாராளமாக வெளியிடு.

ஒன்றே ஒன்று. நிரலை மட்டும் கொடு, பதிவேட்டை அழித்துவிடு. நமக்குள் நடந்தது ஊருக்கு எதற்கு? எவனாவது தோண்டிப் பார்த்து, “இந்தப் பொண்ணுதான் மொத்தத்தையும் அழிச்சுதாம்” என்று எழுதுவான். உன் பெயர் கெடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசி மாதத்தைத் திறக்கவே வேண்டாம். பழசைக் கிளறாதே.

குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. என் கண்ணாடியைத்தான் கடிக்கிறது.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அன்றிலிருந்து இன்றுவரை நீ ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. “அழிக்கிற இடத்தைத் தப்பா குடுத்திருக்க வாலு, போகட்டும் விடு” என்று சொல்லிவிட்டு என்னைச் சாப்பிட வைத்தாய். வேறு யாராவதாக இருந்தால் கிழித்திருப்பார்கள்.

ஆனால் பதிவேட்டை அழிக்க மாட்டேன். அது இல்லாமல் டாக்டருக்கு எந்தக் கதவு ஏன் அப்படித் திறக்கிறது என்று தலையும் புரியாது, வாலும் புரியாது. அதோடு, இத்தனை வருஷமும் நான் ஒளிந்து திரிந்தது போதும். தப்பு என்னுடையது. அது என் பெயரிலேயே இருக்கட்டும். நானே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், மறுபடி வேலைக்கு உட்கார முடியும் என்று தோன்றுகிறது.

வாலு

மார்ச் 11

வாலு,

சொன்னால் கேட்கமாட்டாயா? சின்ன வயதிலிருந்தே இதே பிடிவாதம். பாதி என்னுடையது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் பாதிக்காரன் சொல்கிறேன், பதிவேடு வெளியே போகக்கூடாது. மீறிப் போட்டால் வக்கீல் மூலமாகத்தான் பேசவேண்டியிருக்கும். தங்கை என்றெல்லாம் பார்க்கமாட்டேன்.

இங்கே ஆபீஸில் நான் பத்து பேருக்குத் தலைவன். என் பழைய குப்பையை அவர்கள் படித்துச் சிரிக்கவேண்டுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அழி.

அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

திறந்துவிட்டேன். உன் கோபம்தான் திறக்க வைத்தது. சிரிப்புக்குப் பயந்து யாரும் சொந்தத் தங்கைக்கு வக்கீல் வைப்பதில்லை.

சனிக்கிழமைதோறும் பழைய கோப்புகளைத் துடைக்கும் நிரலை நான்தான் ஓட்டுவேன். எந்தக் கோப்பு அறையைத் துடைக்கவேண்டும் என்று அதில் ஒரே ஒரு வரி இருக்கும். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, பகல் இரண்டேகாலுக்கு, அந்த வரி மாறியிருக்கிறது. ‘பழையவை’ என்று இருந்த இடத்தில் ‘மாடிகள்’. என் கம்ப்யூட்டரிலிருந்து, என் பெயரில்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அம்மாவுக்கு முதல் கண் ஆபரேஷன். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம்வரை நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் நீ மட்டும்தான் இருந்தாய்.

அப்போதும் நான் நம்பவில்லை, அண்ணா. கடிகாரம் தப்பாக ஓடியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு பதிவின் கடைசியைப் பார்த்தேன். ‘டீ மூணு’ என்று இருந்தது.

என் பெயரைப் போட ஞாபகம் இருந்த உனக்கு, நான் வாழ்க்கையில் டீயே குடித்ததில்லை என்பது மறந்துவிட்டது.

ஏன் என்று மட்டும் சொல்.

மார்ச் 18

வாலு,

இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

அந்த வாரம்தான் இங்கே வேலை கிடைத்தது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. “பதிமூணு மாடியும் முடிஞ்சாத்தான் ரெண்டு பேரும் இந்த ரூமை விட்டு வெளிய போறோம்” என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாயே, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? படங்கள் கொஞ்ச நாள் காணாமல் போனால் நீயே சலித்துப்போய் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். அலமாரி டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருக்கிறது, அப்புறம் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதுவும் அன்றைக்கே தானாக மாறி, இங்கே அழிந்ததை அங்கேயும் அழித்துவிடும் என்பதை யோசிக்கவில்லை. ஐயோ, சத்தியமாக யோசிக்கவில்லை.

நீ தரையில் உட்கார்ந்து, “நான்தான், நான்தான்” என்று அழுதாய். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் ஒரு நாள் போனது. அப்புறம் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

உனக்குத் தெரிந்துவிட்டது. அது போதாதா? அந்த ஒரு பதிவை மட்டும் எடுத்துவிடு. அம்மாவுக்கு வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்

மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

‘அன்புள்ள’ என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பழக்கம்.

இன்று காலை பத்து மணிக்கு வெளியிட்டேன். பதிவேட்டில் ஒரு எழுத்தைக்கூட எடுக்கவில்லை, சேர்க்கவும் இல்லை. உன் ‘டீ மூணு’ அங்கேயே இருக்கிறது. படிப்பவர்களுக்கு அது ஒன்றும் புரியாது. வக்கீலுக்குப் புரிந்தால் அவரை அனுப்பு.

நீ அழித்ததைக்கூட எப்படியாவது தாங்கிக்கொள்வேன். ஆறு வருஷமாக நீ என்னை மன்னித்துக்கொண்டிருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீ போன் செய்து, “பழசை நினைக்காதே வாலு” என்பாய். நானும் நன்றி சொல்வேன். எத்தனை நன்றி சொல்லியிருக்கிறேன், அண்ணா!

மத்தியானம் அம்மா அறைக்குள் வந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பதைப் பார்த்து, “மறுபடியும் எதையாவது அழிச்சுடப்போற, பாத்து” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். எப்போதும் சொல்வதுதான். நீ கெஞ்சியது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “நான் அழிக்கலம்மா” என்றேன். “பின்ன யாரு?” என்றாள். சொன்னேன்.

அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம், “தங்கச்சி செஞ்ச தப்பை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டாதவன்னு அவனை ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனேடி” என்றாள். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அவளே எடுப்பாள். என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

எட்டாம் மாடிக்கு ஒரு கதவு எழுதியிருக்கிறேன். ஆறு வருஷத்தில் என் முதல் வரி. பதிவில் ‘வெந்நீர் ரெண்டு’ என்று போட்டிருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

தங்கை